நோட்டு எழுதி வாங்கியவர்கள்

பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் அரசு மாளிகையில் முன்னாள் ஆளுநர்களின் ஓவியங்கள் மாட்டப்பட்டிருக்கின்றன. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மிட் ராம்னியின் படத்தில் அவர் மேசை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். மேசைமேல் மனைவியின் புகைப்படம். பக்கத்தில் மருத்துவச் சின்னம் பொறித்த ஒரு தோல் உறை. 2006-இல் அவர் கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் அடையாளம் அது. மனைவியும் அந்தச் சட்டமும் படத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர் ராம்னியேதான். படம் திறக்கப்பட்டது 2009-இல். அடுத்த மூன்று வருஷத்துக்குள், அந்த உறையை மட்டும் யாராவது ஓரமாக எடுத்து வைத்தால் தேவலை என்று அவருக்கே தோன்றியிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அந்தச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்ட இடம் பாஸ்டனின் பழைய ஃபேன்யல் மண்டபம். அன்று பக்கத்தில் நின்றவர் ஜனநாயகக் கட்சி செனட்டர் எட்வர்ட் கென்னடி. இருவருக்கும் அந்த மண்டபம் புதிதல்ல. 1994 அக்டோபரில் செனட் தேர்தலுக்காக இதே இடத்தில்தான் நேருக்கு நேர் மோதினார்கள். கருக்கலைப்புப் பேச்சு வந்தபோது கென்னடி, நான் பெண்ணின் தேர்வுரிமைப் பக்கம், என் எதிராளியோ ‘சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக’ பக்கம் என்கிற பொருளில் ஒரு குத்து குத்தினார். ராம்னிக்கு முகம் மாறியது. தன் நெருங்கிய உறவுக்காரப் பெண் ஒருவர் சட்டத்துக்குப் புறம்பான கருக்கலைப்பில் இறந்துபோனதைச் சொல்லி, அதனால்தான் கருக்கலைப்பு பாதுகாப்பாகவும் சட்டப்படியும் இருக்க வேண்டும் என்று தங்கள் குடும்பம் நினைக்கிறது என்றார். ரீகன் காலத்தில் தான் எந்தக் கட்சியிலும் இல்லை என்பதையும் அதே மேடையில் சொல்லிக்கொண்டார்.

அந்த ஒளிப்பதிவை இன்றும் பார்க்கலாம். பார்த்தால் அவர் நடிப்பதாகத் தெரியாது. சிக்கலே அங்கேதான். 2005-இல் அவர் தன்னைக் கருக்கலைப்பு எதிர்ப்பாளராக அறிவித்துக்கொண்டபோதும் நடிப்பதாகத் தெரியவில்லை.

மனம் மாறியதற்கு அவர் சொன்ன காரணம், 2004 நவம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஸ்டெம் செல் விஞ்ஞானி ஒருவருடன் நடந்த சந்திப்பு. மனிதக் கருவை இவ்வளவு அலட்சியமாகப் பேசுகிறார்களே என்று அன்று உறைத்ததாம். அப்படியொன்றும் தான் பேசவில்லை என்று அந்த விஞ்ஞானி மறுத்தார். யார் சொன்னது சரியோ, குடியரசுக் கட்சியின் பழமைவாத வாக்காளர் கவனித்தது வேறொன்றை. மாசசூசெட்ஸில் ஓட்டுக் கேட்டபோது மாசசூசெட்ஸுக்குப் பிடித்த கருத்து. அயோவாவில் ஓட்டுக் கேட்கக் கிளம்பும் நேரத்தில் அயோவாவுக்குப் பிடித்த கருத்து.

அயோவா என்று தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைக் கட்சித் தலைமை டெல்லியில் உட்கார்ந்து அறிவிப்பதுபோல அறிவிக்க முடியாது. மாநிலம் மாநிலமாகக் கட்சியின் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அதுதான் பிரைமரி. குடியரசுக் கட்சியில் அயோவாவின் காகஸ் கூட்டங்கள் முதலில் வரும். குளிர்காலத்து இரவில் பள்ளிக்கூடத்துக்கும் தேவாலயத்துக்கும் வந்து உட்கார்ந்து ஓட்டுப் போடுகிற அந்தக் கூட்டத்தில், 2008-இலும் 2012-இலும் ஏறக்குறைய பத்தில் ஆறு பேர் சுவிசேஷக் கிறிஸ்தவர்கள். நாட்டை வெல்வதற்கு முன்னால் இவர்களை வெல்ல வேண்டும்.

மனமாற்றம் இவர்களுக்கு அந்நியமான சங்கதி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பாவியாக இருந்தேன், இன்ன நாளில் இன்ன இடத்தில் என் கண் திறந்தது என்று சபை முன்னால் எழுந்து சாட்சி சொல்வது அவர்களுடைய வழிபாட்டில் ஊறிய பழக்கம். அவர்கள் கொண்டாடிய ரீகனே கட்சி மாறி வந்தவர். 1962 வரை பதிவுபெற்ற ஜனநாயகக் கட்சிக்காரர். கலிஃபோர்னியா ஆளுநரானதும் 1967-இல் கருக்கலைப்பு விதிகளைத் தளர்த்திய சட்டத்தில் கையெழுத்திட்டார், பெரிய வரி உயர்வு ஒன்றிலும் கையெழுத்திட்டார். கருக்கலைப்பு விஷயத்தில் செய்தது தவறு என்று பிற்பாடு வருந்தினார். மன்னித்தார்கள். மன்னித்தது மட்டுமல்ல, அந்தப் பழைய கதையையே மறந்துவிட்டார்கள். அப்புறம் ராம்னியின் சாட்சியை மட்டும் ஏன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கேட்டார்கள்?

ரீகனுக்கும் ராம்னிக்கும் நடுவில் அவர்கள் சூடு பட்டிருந்தார்கள்.

முதல் சூடு மூத்த புஷ். 1980 பிரைமரியில் ரீகனின் வரிக்குறைப்புத் திட்டத்தை மாந்திரீகப் பொருளாதாரம் என்று கேலி செய்தவர், அதே ஆண்டு ரீகனுக்குத் துணை அதிபர் வேட்பாளராகி அதே திட்டத்தின் பின்னால் நின்றார். 1988 பிப்ரவரியில் நியூ ஹாம்ப்ஷையர் விவாத மேடையில் ஒரு வேட்பாளர், வரி உயர்த்த மாட்டேன் என்ற உறுதிமொழித் தாளை செனட்டர் பாப் டோலிடம் நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். டோல் மறுத்தார். அந்த மாநிலத்தில் டோல் தோற்றார், புஷ் ஜெயித்தார். ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டில் புஷ், என் உதட்டைப் பாருங்கள், புதிய வரி கிடையாது என்று முழங்கினார். 1990-இல் ஜனநாயகக் கட்சியினரோடு பட்ஜெட் ஒப்பந்தம் போட்டு உச்ச வருமான வரியை 28 விழுக்காட்டிலிருந்து 31-க்கு ஏற்றினார். 1992 பிரைமரியில், பதவியில் இருக்கும் அதிபரை எதிர்த்து நின்ற பாட் புக்கானனுக்கு நியூ ஹாம்ப்ஷையர் 37 விழுக்காடு ஓட்டுப் போட்டது. நவம்பரில் புஷ் வீட்டுக்குப் போனார்.

பற்றாக்குறை அப்போது உண்மையிலேயே மோசமாக இருந்தது, புஷ் செய்தது பொறுப்பான காரியம் என்று இன்று பல பொருளாதார நிபுணர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் ஏமாந்தவனிடம் போய் நியாயம் பேச முடியுமா?

இரண்டாவது சூடு அதைவிட ஆழம். 1990-இல் புஷ் உச்ச நீதிமன்றத்துக்கு டேவிட் சூட்டரை நியமித்தார். சூட்டர் எழுதியதும் பேசியதும் அதிகமில்லை. எந்தப் பக்கம் என்று வெளியே யாருக்கும் தெரியாது. வெள்ளை மாளிகையின் தலைமை அலுவலர் ஜான் சுனுனு, முன்பு நியூ ஹாம்ப்ஷையர் ஆளுநராக இருந்தபோது இதே சூட்டரை மாநில உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பியவர். அவர் பழமைவாதத் தலைவர்களிடம், கவலை வேண்டாம், இவர் நம்ம ஆள் என்று தைரியம் சொன்னார். நம்பினார்கள். 1992-இல் கருக்கலைப்பு உரிமையைக் காப்பாற்றிய தீர்ப்பைக் கூட்டாக எழுதிய மூன்று நீதிபதிகளில் ஒருவர் சூட்டர். மற்ற இருவரும் ரீகன் நியமித்தவர்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. ‘இன்னொரு சூட்டர் வேண்டாம்’ என்பது அதன்பின் பழமைவாத இயக்கத்தின் நித்திய ஜெபமாகிவிட்டது.

ஆக, ராம்னி அதிபர் பதவி கேட்டு வந்து நின்றபோது அவர்கள் கேட்டது அவருடைய பேச்சை அல்ல. தங்கள் பழைய காயத்தை.

ராம்னிக்கும் வீட்டிலேயே ஒரு பழைய காயம் இருந்தது. அவருடைய அப்பா ஜார்ஜ் ராம்னி, மிச்சிகன் ஆளுநர், 1968 தேர்தலுக்குக் கட்சியின் முன்னணி வேட்பாளர்களில் ஒருவர். முதலில் வியட்நாம் போரை ஆதரித்தவர். 1967 ஆகஸ்டில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், ஏன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். 1965-இல் வியட்நாம் போனபோது தளபதிகளும் தூதரக அதிகாரிகளும் சேர்ந்து என்னை மூளைச்சலவை செய்துவிட்டார்கள் என்றார். போரைப் பற்றி அவர் புதிதாக வந்து சேர்ந்த முடிவு சரியானது. ஆனால் அந்த ஒரு சொல் அவரைச் சாய்த்தது. மூளைச்சலவைக்கு ஆட்படுகிறவர் அதிபரா என்று கேலி பறந்தது. 1968 பிப்ரவரி கடைசியில், நியூ ஹாம்ப்ஷையர் ஓட்டுப்பதிவுக்கு முன்பே விலகிக்கொண்டார். மகனுக்கு அப்போது 20 வயது. அந்த மகன் பிற்காலத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடை போட்டுப் பேசியதை, பேசப் பேசச் சந்தேகம் கூடியதை, இந்தக் கதையை ஒதுக்கிவிட்டு என்னால் பார்க்க முடிவதில்லை.

நிலைப்பாடு மாறுவதை நாம் பல்டி என்போம். அமெரிக்கர்கள் ரப்பர் செருப்பின் பெயரைச் சொல்லுவார்கள், ஃபிளிப்-ஃபிளாப். நடக்கும்போது இப்படியும் அப்படியும் அடித்துக்கொள்ளும் சத்தம் அது. 2004-இல் நியூயார்க்கில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் பிரதிநிதிகள் செருப்பைக் கையில் தூக்கி ஆட்டினார்கள். அது ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரிக்காக. 8,700 கோடி டாலர் போர்ச் செலவு மசோதாவை எதிர்ப்பதற்கு முன்னால் நான் ஆதரித்து ஓட்டுப் போட்டேன் என்று அவர் சொல்லிவைத்ததை அந்தத் தேர்தல் முடியும்வரை விடவில்லை. சொன்ன சொல் மாறாதவர்கள் நாங்கள், மாறுகிறவர்கள் அவர்கள். கட்சிக்கு அன்று அப்படியொரு பெருமிதம்.

2012 பிப்ரவரியில் பழமைவாதிகளின் ஆண்டு மாநாடான சிபேக்கில் ராம்னி, தான் கடும் பழமைவாத ஆளுநராக இருந்ததாகச் சொன்னார். அந்தக் ‘கடும்’ எழுதிவைத்த உரையில் இல்லாதது, அந்த நேரத்தில் வாயில் வந்தது. நோயைப் பற்றிச் சொல்லும்போது பயன்படுத்துகிற அடைமொழி அது என்று கட்சிக்காரர்களே சிரித்தார்கள். அடுத்த மாதம் 21-ஆம் தேதி, அவருடைய ஆலோசகர் ஒருவர் தொலைக்காட்சியில் அமர்ந்திருந்தார். பிரைமரிக்காக இவ்வளவு வலப்பக்கம் போய்விட்டாரே, பொதுத் தேர்தலில் நடுவில் இருப்பவர்கள் ஓட்டு எப்படிக் கிடைக்கும் என்று கேள்வி. ஆலோசகர் சொன்ன பதிலில் ஒரு பொம்மை இருந்தது. எட்ச்-அ-ஸ்கெட்ச் மாதிரிதான், ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு முதலிலிருந்து வரையலாம் என்றார்.

அந்தப் பொம்மையைப் பார்க்காதவர்களுக்காக: சிவப்பு பிளாஸ்டிக் சட்டம், நடுவில் சாம்பல் நிறத் திரை, கீழே இரண்டு மூலையிலும் வெள்ளைத் திருகு. ஒன்றைத் திருகினால் கோடு குறுக்கே போகும், இன்னொன்றைத் திருகினால் மேலும் கீழும் போகும். திரைக்கு உட்பக்கம் ஒட்டியிருக்கும் அலுமினியப் பொடியை ஓர் ஊசி சுரண்டிக்கொண்டே போவதுதான் கோடாகத் தெரிகிறது. கவிழ்த்து உலுக்கினால் பொடி மறுபடி எங்கும் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு கஷ்டப்பட்டு வரைந்ததும் ஒரே நொடியில் காலி. பிரைமரியில் அவரை எதிர்த்து நின்ற சாண்டோரமும் கிங்ரிச்சும் கூட்டங்களில் அந்தப் பொம்மையைத் தூக்கிக் காட்டினார்கள். பொம்மைக் கம்பெனியின் பங்கு விலை எகிறியது.

ஒரு விஷயத்தில் மட்டும் ராம்னிக்காகப் பரிந்து பேசத் தோன்றுகிறது. ஒவ்வொருவரும் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்கிற விதிதான் அவருடைய மாசசூசெட்ஸ் சட்டத்தின் அச்சாணி. 1989-இல் அந்த யோசனையை முன்வைத்ததே ஹெரிட்டேஜ் என்னும் பழமைவாத ஆய்வு நிறுவனம். தொண்ணூறுகளில் கிங்ரிச்சும் அதை ஆதரித்தவர். 2010-இல் ஒபாமா அதை எடுத்து நாடு முழுவதற்கும் சட்டமாக்கியதும், அதே விதி சோஷலிசமாகிவிட்டது. ராம்னி தன் சட்டத்தை மட்டும் கைவிடாமல், என் மாநிலத்துக்கு அது சரிதான் என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். அவர் மாறாமல் நின்ற ஒரே இடம். அதிகமாக அடி வாங்கியதும் அந்த இடத்தில்தான். எல்லாரும் படகை மாற்றியபோது இவர் மட்டும் பழைய படகில் உட்கார்ந்திருந்தார்.

இப்போது நான்கே ஆண்டு தள்ளி, ட்ரம்ப் வந்து நின்ற 2016 தேர்தலுக்குப் போவோம். முதலில் அவருடைய பழைய கதை.

1999 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தொலைக்காட்சிப் பேட்டியில் டொனால்ட் ட்ரம்ப், கருக்கலைப்பு எனக்குப் பிடிக்காது, ஆனாலும் நான் முழுக்க அந்த உரிமையின் பக்கம் என்றார். அந்த வருஷமே, ஒரு கோடி டாலருக்கு மேல் சொத்து வைத்திருப்பவர்கள்மீது ஒரே தடவையாக 14.25 விழுக்காடு வரி போடலாம் என்று யோசனை சொன்னார். 2001 முதல் 2009 வரை ஜனநாயகக் கட்சியில் பதிவு. ஹிலரி கிளின்டனுக்குத் தேர்தல் நன்கொடை. 2005-இல் அவருடைய மூன்றாவது கல்யாணத்துக்கு கிளின்டன் தம்பதி விருந்தாளிகள். ராம்னியின் பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்தவர்களுக்கு இங்கே தோண்டவே வேண்டியதில்லை. எல்லாம் மேலேயே கிடந்தது.

அவரும் சாட்சி சொன்னார். நண்பர் வீட்டில் கலைத்துவிடுவதாக இருந்த கரு பிழைத்து, அந்தப் பிள்ளை இன்று பெரிய நட்சத்திரமாக இருக்கிறது என்று 2015 ஆகஸ்டில் கிளீவ்லாந்து விவாதத்தில் ஒரு கதை. ராம்னியின் கதையைவிட மெலிந்த கதை. 2016 மார்ச்சில் டெட்ராய்ட் விவாதத்தில் அவருடைய முன்னுக்குப்பின் முரணான பேச்சுகளை ஒளிப்பதிவாகவே போட்டுக் காட்டினார்கள். ராம்னியாக இருந்தால் வியர்த்திருக்கும். இவர், வளைந்துகொடுக்கத் தெரியாத எவரும் வாழ்க்கையில் ஜெயித்து நான் பார்த்ததில்லை என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டுப் போனார். அதே மாதக் கடைசியில், கருக்கலைப்பு செய்துகொள்ளும் பெண்ணுக்கு ஏதாவது தண்டனை வேண்டும் என்று பேசி, பொழுது சாய்வதற்குள் மாற்றிக்கொண்டார்.

பழமைவாதத் தலைவர்கள் ஆரம்பத்தில் இவரையும் நம்பவில்லை. 2016 ஜனவரியில், அயோவா ஓட்டுப்பதிவுக்குச் சில நாள் முன்னால், கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கத்தின் பெண் தலைவர்கள் சேர்ந்து அந்த மாநில வாக்காளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். யாருக்கு வேண்டுமானாலும் போடுங்கள், ட்ரம்புக்கு வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். கையெழுத்திட்டவர்களில் ஒருவர் மார்ஜரி டானன்ஃபெல்சர், அந்த இயக்கத்தின் பெரிய அமைப்பு ஒன்றின் தலைவர். அதே ஆண்டு செப்டம்பரில் ட்ரம்பின் கருக்கலைப்பு எதிர்ப்புக் கூட்டணிக்குத் தலைமை ஏற்றவரும் அவரேதான்.

ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் நடுவில் நடந்ததை அறியாமல் இந்த மாற்றம் விளங்காது. பிப்ரவரி 13 அன்று பழமைவாதிகளின் தூணாக இருந்த உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்கலியா இறந்தார். அன்றிரவே தென் கரோலினா விவாத மேடையில் ட்ரம்ப், அந்த இடத்துக்கு இன்னார் இன்னாரைப் போடலாம் என்று இரண்டு நீதிபதிகளின் பெயரைச் சொன்னார். மே மாதம் 11 பெயர்கள் கொண்ட பட்டியலை அச்சடித்து வெளியிட்டார். செப்டம்பரில் கருக்கலைப்பு எதிர்ப்பாளர்களுக்கு நான்கு வாக்குறுதிகளோடு கையெழுத்திட்ட கடிதம். எந்த வேட்பாளரும் அதற்கு முன் இப்படிப் பெயர்ப்பட்டியல் நீட்டியதில்லை. கவலை வேண்டாம், நம்ம ஆள் என்கிற வாய்ப்பேச்சில் ஏமாந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்.

நம் ஊரில் உறவுக்காரனுக்குக் கடன் கொடுத்தால் முகத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள். ஊர் பேர் தெரியாதவன் வந்து கேட்டால் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். உறவுக்காரன் ஏமாற்றுவான், நோட்டு எழுதியவனை விட மாட்டார்கள் என்பது வட்டிக்கு விடுகிறவர்கள் அறிந்த பாடம். பழமைவாத வாக்காளர் ட்ரம்பின் மனசை நம்பினார் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். அவருடைய தேவையை நம்பினார். கட்சிக்குள் தனக்கென்று வேர் இல்லாதவர், தங்களை விட்டால் கதியில்லாதவர், ஆகவே நோட்டுக்குக் கட்டுப்பட்டவர். ராம்னியின் மனசுக்குள் புகுந்து பார்க்க ஆறு வருஷம் முயன்று தோற்றவர்கள், இந்தத் தடவை மனசு எப்படியாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பொதுப் பதவியில் நேர்மையாக நடக்க முடியுமா என்ற கேள்விக்கு முடியும் என்று சொன்ன வெள்ளை சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் 2011-இல் 30 விழுக்காடு, 2016-இல் 72. மாறியது வேட்பாளர் மட்டும்தானா?

நோட்டு செல்லுபடியாயிற்று. கோர்சச், கவனா, பாரெட் என ட்ரம்ப் நியமித்த மூன்று நீதிபதிகள். 2022 ஜூன் 24 அன்று, 49 வருஷமாக இருந்த கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு ரத்தானது. 1992-இல் சூட்டர் கொடுத்த அடிக்குப் பதிலடி 30 வருஷம் கழித்து வந்தது. உள்ளம் சுத்தமான வேட்பாளர் யாராலும் ஆகாத காரியம், உள்ளத்தைப் பற்றிக் கேள்வியே கேட்கப்படாத ஒருவரால் முடிந்தது.

கடன் அடைந்ததும் நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். இங்கே புது நோட்டு எழுதி வாங்க யாருக்கும் தெம்பில்லை. 2024 பிரைமரியில் ட்ரம்புக்கு இவர்கள் தேவைப்படவில்லை, இவர்களுக்குத்தான் ட்ரம்ப் தேவை. ஃபுளோரிடாவில் ஆறு வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடை செய்யும் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் டிசான்டிஸ், இயக்கத்தின் கணக்குப்படி அசல் ஆள், பல்டி அடிக்காதவர். அயோவாவோடு அவர் கதை முடிந்தது. ஏப்ரலில் ட்ரம்ப் கருக்கலைப்பை மாநிலங்களிடம் விட்டுவிடலாம் என்றார். ஜூலையில் மில்வாக்கி மாநாட்டுக்கான கட்சி அறிக்கையிலிருந்து, நாடு தழுவிய தடை என்று பல ஆண்டுகளாக இருந்துவந்த கோரிக்கையே காணாமல் போயிற்று. எதிர்ப்பு முணுமுணுப்போடு நின்றது.

இன்னொரு பக்கம், செனட்டராகிவிட்ட ராம்னி. 2020 பிப்ரவரியில் செனட்டில் ட்ரம்பின்மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டு ஓட்டெடுப்புக்கு வந்தபோது, சொந்தக் கட்சி அதிபரைக் குற்றவாளி என்று ஓட்டுப் போட்ட முதல் செனட்டர் ஆனார் அவர். கடவுள்மேல் எடுத்த சத்தியத்தைக் காரணமாகச் சொன்னார், குரல் உடைந்தது. அவருக்கு அதனால் சல்லிக்காசு லாபமில்லை. அந்த வருஷம் அவருக்கு அழைப்பில்லை என்று சிபேக் மாநாடு அதற்குச் சில நாள் முன்பே அறிவித்திருந்தது. 2012-இல் கடும் பழமைவாதி என்று அவர் தட்டுத்தடுமாறிச் சொன்ன அதே மேடை.

2024 ஆகஸ்ட் 29. கருக்கலைப்பு உரிமையை மீட்கும் திருத்தம் ஃபுளோரிடாவில் வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. ட்ரம்ப் அந்த மாநிலத்து வாக்காளர். ஆறு வாரம் ரொம்பக் குறைவு, கூடுதல் வாரம் வேண்டும் என்றுதான் ஓட்டுப் போடப் போகிறேன் என்றார். கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் அலறினார்கள். மறுநாள், திருத்தத்துக்கு எதிராகத்தான் போடுவேன் என்றார். அக்டோபர் 1-ஆம் தேதி இரவு, துணை அதிபர் வேட்பாளர்களின் விவாதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நாடு தழுவிய தடை வந்தால் என் அதிகாரத்தால் தடுத்து நிறுத்துவேன் என்று எழுதினார். விவாத மேடையில் அவருக்காக வாதாடிக்கொண்டிருந்தவர் ஜே.டி. வான்ஸ். 2016-இல், ட்ரம்ப் வேண்டவே வேண்டாம் என்று சொன்னவர்.

நவம்பர் 5 வந்தது. வெள்ளை சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் ட்ரம்புக்குப் போட்டவர்கள் 2016-இல் பத்துக்கு எட்டு. இந்தத் தடவையும் பத்துக்கு எட்டு.